போன இடத்தில் ஒரு சோலி

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் மூத்தோர் மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லை. முப்பத்தாறு வருஷம் வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பவர்கள் பேசுவார்கள், நான் கேட்டுக்கொள்வேன். அதுதான் என் அனுபவம். ஆனால் செயலாளர் விடவில்லை. "சார், நம்ம பில்டிங்கில் பாதி வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். வருஷத்துக்கு நாலைந்து பேர் பார்க்கப் போகிறோம். நீங்கள் போய்வந்த அனுபவத்தைச் சொல்லுங்கள், உபயோகமாக இருக்கும்" என்றார். அதனால் வந்து நிற்கிறேன்.

நாங்கள் போனது கோலாலம்பூர். மகளும் மருமகனும் அங்கே வேலையில் இருக்கிறார்கள். 2024-ல் தீபாவளி முடிந்து, ஓய்வூதியத்துக்கான உயிர்வாழ் சான்றைக் கொடுத்துவிட்டு, நானும் என் மனைவியும் கிளம்பினோம். திருச்சியில் ஏறினால் நாலு மணி நேரம். இங்கிருந்து பஸ்ஸில் திருச்சி போய்ச் சேர்வதற்கும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் ஆகிறது. 2023 டிசம்பரிலிருந்து நமக்கு அங்கே 30 நாள் வரை விசா வேண்டாம் என்று ஆக்கியிருந்தார்கள். நாங்கள் இருந்தது 27 நாள்.

முதல் வாரம் கல்யாண வீடு மாதிரி போனது. புது ஊர் என்பதே ஒரு சந்தோஷம்தானே. பத்துமலைக்குப் போய் 272 படி ஏறி முருகனைக் கும்பிட்டோம். அடியில் நிற்கும் 140 அடி முருகனை அண்ணாந்து பார்த்ததில் கழுத்து வலித்தது. நம் கரிசல் காட்டில் ஐப்பசி மழைக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறோம், அங்கே பெரும்பாலான நாள் சாயங்காலமானால் கொட்டித் தீர்க்கிறது. "இதில் பாதியை நம்ம ஊருக்கு அனுப்ப வழியில்லையா" என்று என் மனைவி கேட்டாள்.

கஷ்டம் இரண்டாவது வாரம் வந்தது. மகளுக்கும் மருமகனுக்கும் லீவு முடிந்துவிட்டது. காலை ஏழரைக்குக் கிளம்பினால் ராத்திரி ஏழரைக்குத்தான் வருவார்கள். வீடு பத்தொன்பதாவது மாடி. சன்னலில் பார்த்தால் கார்கள் எறும்பு போல ஊர்கின்றன, சத்தமே இல்லை. என் மனைவிக்குப் பிரச்சினை இல்லை. வந்த முதல் நாளே அடுப்படி அவள் கைக்குப் போய்விட்டது. சாம்பார் பொடி எங்கே, இட்லித் தட்டு எங்கே என்று அவளுக்கு நாள் போதவில்லை. எனக்கு? சோபா, டி.வி., மறுபடியும் சோபா. மகள் போகும்போது, "அப்பா, நீங்க தனியா வெளிய போகாதீங்க, வழி தெரியாது. எது வேணும்னாலும் எனக்கு போன் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போவாள். பிரியத்தில் சொன்னதுதான். ஆனால் தினம் தினம் கேட்கக் கேட்க, ஒரு ஆளை மூட்டையாகக் கட்டி மூலையில் வைத்த மாதிரி இருந்தது.

கோபம் சின்னச் சின்ன விஷயத்தில் வெளியே வரும். காப்பி ஆறிவிட்டது என்று மனைவியிடம் எரிந்து விழுந்தேன். எதை வாங்கினாலும் ரூபாயில் பெருக்கிப் பார்ப்பேன். அப்போது ஒரு ரிங்கிட் சுமார் 19 ரூபாய். ஒரு டீ இரண்டரை ரிங்கிட் என்றால் 47 ரூபாய் என்று கணக்குச் சொல்லி, மருமகன் வாங்கிக் கொடுத்த டீயைக் குடிக்கவிடாமல் செய்தேன். பத்தாவது நாள் "டிக்கெட்டை முன்னாடி மாற்ற முடியுமா" என்று மகளிடம் கேட்டுவிட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை. ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுதிருப்பாள் என்று நினைக்கிறேன்.

மறுநாள்தான் அந்தக் கூத்து நடந்தது. மகள் அரை நாள் லீவு போட்டுத் தன் அம்மாவைத் துணி எடுக்கக் கூட்டிப் போனாள். எனக்குக் கால் வலி என்று சொல்லி வீட்டில் இருந்துகொண்டேன். அவர்கள் போனதும், கீழே போய்க் கொஞ்சம் நடந்துவிட்டு வருவோம் என்று இறங்கினேன். கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும் ரகம். அங்கே லிப்டில் ஏற ஒரு அட்டை வேண்டும். அட்டை உள்ளே மேஜை மேல், போனும் அதன் பக்கத்திலேயே. மகளின் போன் எண் எனக்கு மனப்பாடம் இல்லை. வீட்டு எண்ணும் குழம்பிவிட்டது. பத்தொன்பதாவது மாடி என்று தெரியும், கதவு எண் 3-ஆ, 8-ஆ?

யோசித்துப் பாருங்கள். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் லெட்ஜர் பக்கத்தைப் பார்க்காமல் நூற்றுக்கணக்கான வாடிக்கையாளரின் கணக்கு எண்ணைச் சொன்னவன் நான். சொந்த மகளின் வீட்டு எண் தெரியாமல் கீழே நிற்கிறேன். காவலாளி நேபாளத்துப் பையன். அவனுக்குத் தமிழ் தெரியாது. எனக்கு இந்தி, வங்கியில் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணிய அளவுக்குத்தான் தெரியும். அவன் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டான். அதில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இங்கே நான் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த இரண்டு மணி நேரத்தில் என் முன்னால் எத்தனையோ பேர் போனார்கள் வந்தார்கள். அதில் நம் முகச்சாடையும் இருந்தது. நான் யாரையும் கேட்கவில்லை. வெட்கம். வீட்டுக்கு வழி தெரியாத கிழவன் என்று நினைப்பார்களே என்ற வெட்கம். கடைசியில் எழுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா, கையில் கீரைக்கட்டோடு வந்தவர், என்னைப் பார்த்து நின்று, "என்ன தம்பி, ரொம்ப நேரமா உக்காந்திருக்கீங்க, பசியாறியாச்சா?" என்று கேட்டார்.

அங்கே 'பசியாறியாச்சா' என்றால் நம் ஊர் 'சாப்பிட்டாச்சா' மாதிரி. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. விஷயத்தைச் சொன்னேன். "இதுக்கா இப்படி உக்காந்திருக்கீங்க" என்று நேராக நிர்வாக அலுவலகத்துக்குக் கூட்டிப் போனார். மருமகன் பெயரைச் சொன்னதும் பதிவேட்டில் பார்த்து, மகளுக்குப் போன் போட்டுக் கொடுத்தார்கள். பத்து நிமிஷ வேலை. இரண்டு மணி நேரம் என் வெட்கத்துக்கு நான் கொடுத்த வட்டி.

அந்த அம்மா ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். இந்தியாவைப் பார்த்ததே இல்லை. ஆனால் தமிழ் நம்மைவிடச் சுத்தம். ரிங்கிட்டை 'வெள்ளி' என்பார். மறுநாள் காலையில் என்னையும் என் மனைவியையும் பக்கத்துச் சந்தைக்குக் கூட்டிப் போனார். அதற்கு அடுத்த நாளிலிருந்து நான் மட்டும் போனேன். காலை ஏழு மணிக்கு ஒரு பால், ஒரு ரொட்டி, கொஞ்சம் கீரை, ஒரு தமிழ்ப் பத்திரிகை. அந்த வீட்டில் அது என் வேலை ஆகிவிட்டது. மகளிடம் சொன்னேன்: "இனிமே பால் நீ வாங்க வேண்டாம், என் பொறுப்பு." அவள் யோசித்தாள். பிறகு அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு கயிறு வாங்கிக் கொடுத்தாள், பள்ளிக்கூடப் பிள்ளைக்கு மாதிரி.

அதற்குப் பிறகு அந்த ஊர் மாறிவிட்டது. உண்மையில் ஊர் அப்படியேதான் இருந்தது. எழுத்துகள் கண்ணில் பட ஆரம்பித்தன. மலாய் மொழியை ஆங்கில எழுத்தில்தான் எழுதுகிறார்கள், வாசித்துவிடலாம். 'மாசூக்' என்றால் உள்ளே, 'கெலுவார்' என்றால் வெளியே. கடைக்கு என்ன சொல்கிறார்கள் தெரியுமா? 'கெடாய்'. நம் கடைதான். கப்பல் 'கப்பால்', பெட்டி 'பெத்தி', கட்டில் 'காத்தில்'. நான் பி.காம். படித்தவன் இல்லையா, எனக்கு ரொம்பப் பிடித்தது இது: வியாபாரத்தில் போடும் முதலுக்கு அவர்கள் மொழியில் 'மோடால்'. நம் முதல்! ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலிருந்தே நம் ஆட்கள் அங்கே போய்க் கடை போட்டு முதல் போட்டிருக்கிறார்கள், வார்த்தையை விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள்.

எனக்குச் சர்க்கரை உண்டு. அங்கே டீ என்று கேட்டால் தித்திப்பான கெட்டிப்பால் ஊற்றித் தருவார்கள். 'தே சி கோசோங்' என்று கேட்டால் சீனி இல்லாத பால் டீ. கோசோங் என்றால் காலி, பூஜ்யம். ஜீரோ பேலன்ஸ் என்று நான் ஞாபகம் வைத்துக்கொண்டேன். முதல் தடவை நானே கேட்டு, நானே காசு கொடுத்து, அந்த டீயைக் குடித்தபோது அதை ரூபாயில் பெருக்கிப் பார்க்கவில்லை.

பதினைந்தாம் நாள் ரயில் அட்டையில் காசு ஏற்றி, நான் தனியாகவே பிரிக்பீல்ட்ஸ் போய்வந்தேன். அங்கே போனபோதுதான் நம் ஊர்க்காரர் ஒருவர் ஞாபகம் வந்தார்.

நான் பிறந்தது இடைசெவல். இங்கிருந்து தெற்கே, திருநெல்வேலி சாலையில் இருக்கிற கரிசல் கிராமம். தமிழ் படித்தவர்களிடம் இடைசெவல் என்றால் இரண்டு பேரைச் சொல்வார்கள். கி. ராஜநாராயணன், கு. அழகிரிசாமி. ஏறக்குறைய ஒரே வயது, சின்ன வயதிலிருந்தே சிநேகிதர்கள். இரண்டு பேருக்கும் சாகித்ய அகாதெமி கிடைத்தது, அழகிரிசாமிக்கு 1970-ல் அவர் இறந்த பிறகு, கி.ரா.வுக்கு 1991-ல். ஒரு சின்னக் கிராமத்துக்கு இரண்டு. எனக்கு இலக்கியம் அவ்வளவாகத் தெரியாது. ஊர்க்காரர்கள் என்ற பெருமைதான்.

இதில் அழகிரிசாமி 1950-களின் தொடக்கத்தில் மலாயாவுக்குப் போனவர். கோலாலம்பூரில் 'தமிழ் நேசன்' பத்திரிகையில் வேலை. அந்தக் காலத்தில் மலாயா என்றால் கப்பல் பயணம். 'ரஜூலா' கப்பலின் பெயரை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். போன ஊரில் அப்போது வெள்ளைக்காரன் ஆட்சி. 1948-ல் அறிவித்த அவசரநிலை வேறு நடப்பில் இருந்தது. போன் கிடையாது, வீடியோ கால் கிடையாது. கடிதம்தான். அவர் கி.ரா.வுக்கு எழுதிய கடிதங்கள் பின்னால் புத்தகமாகவே வந்திருக்கின்றன.

அவர் அங்கே என்ன செய்தார்? பத்திரிகை வேலையை மட்டும் பார்த்துவிட்டு அறைக்குள் உட்காரவில்லை. அங்கே எழுத ஆசைப்பட்ட இளைஞர்களைக் கூட்டி இலக்கிய வட்டம் நடத்தினார். கதை எப்படி எழுதுவது, எது நல்ல கதை என்று உட்கார்ந்து பேசினார். மலேசியத் தமிழ் எழுத்தைப் பற்றிப் பேசும்போது இன்றைக்கும் அவர் பெயரைச் சொல்கிறார்கள். 1957-ல்தான் திரும்பி வந்தார், மலாயா சுதந்திரம் அடைந்த அதே வருஷம்.

1924-ல் ஆரம்பித்த தமிழ் நேசன் 2019-ல் நின்றுவிட்டது. நான் போனபோது வாங்கிப் பார்க்கக்கூட ஒரு பிரதி இல்லை. ஆனாலும் அந்தத் தெருவில் நின்றுகொண்டு, நம்ம ஊர்ப் புழுதியில் விளையாடிய ஒருவர் எழுபது வருஷத்துக்கு முன்னால் இந்த ஊரில் நடந்திருக்கிறார் என்று நினைத்தபோது, நான் அவ்வளவு தூரத்தில் இல்லை என்று தோன்றியது.

"அவர் இளவயசுக்காரர், எழுத்தாளர், நாம் அப்படியா" என்று கேட்பீர்கள். சரி, கி.ரா.வை எடுத்துக்கொள்ளுங்கள். இடைசெவலில் சம்சாரியாக இருந்தவர். பள்ளிக்கூடப் படிப்பு அதிகம் கிடையாது. 1989-ல், அறுபத்தைந்து வயதுக்கு மேல், நாமெல்லாம் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு ஈசி சேரில் சாய்கிற வயதில், புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகப் போனார். நாட்டுப்புறக் கதைகளைச் சேகரிக்கிற வேலை. வேலை முடிந்த பிறகும் அந்த ஊரிலேயே தங்கிவிட்டார். 2021-ல் இறக்கும் வரை புதுச்சேரிதான். உடல் மட்டும் இடைசெவலுக்கு வந்தது. கடலோர ஊரில் ஒரு கரிசல்காட்டு மனிதர் முப்பது வருஷத்துக்கு மேல் வேரூன்றி இருந்தார். இரண்டு பேருக்கும் போன இடத்தில் ஒரு சோலி இருந்தது. அதுதான் விஷயம் என்று எனக்குப் படுகிறது.

'சோலி' என்ற வார்த்தையை வேண்டுமென்றேதான் சொல்கிறேன். அது என் அம்மாவின் வார்த்தை. இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சொல்லிவிடுகிறேன்.

2003-ல் நான் சென்னையில் வேலையில் இருந்தேன். அப்பா தவறிய பிறகு அம்மாவை இடைசெவலில் தனியாக விட மனசில்லாமல் கூட்டி வந்தேன். அம்மாவுக்கு அப்போது எழுபது வயது. பருத்தி எடுத்தவள், மிளகாய் பறித்தவள், உளுந்து அடித்தவள். "இனிமே எந்த வேலையும் செய்யாதீங்கம்மா, சும்மா இருங்க" என்றேன். நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தேன்.

காலையில் நாலரைக்கு எழுந்துகொள்வாள். தெளிப்பதற்கு வாசலைத் தேடுவாள். அடுக்குமாடி வீட்டில் வாசல் ஏது, நடைபாதைதான். ஒரு நாள் அதில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டுவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் வழுக்கப் பார்த்தார், என்னிடம் வந்து சொன்னார். அம்மாவைச் சத்தம் போட்டேன். இன்னொரு நாள் நடைபாதையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டு இருந்தாள். போகிற வருகிறவர்களிடம் "எந்த ஊரு தாயி" என்று பேசிக்கொண்டு இருந்தாள். "அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பாங்க, உள்ளே வாங்க" என்று கூட்டி வந்து டி.வி. முன்னால் உட்கார வைத்தேன்.

பத்தொன்பதாவது நாள் சொன்னாள்: "எய்யா, இங்கன எனக்கு என்ன சோலி இருக்கு? என்னைய ஊர்ல கொண்டுபோய் விட்ரு."

எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு பார்த்துக்கொண்டும் பட்டணம் ஒத்துக்கொள்ளவில்லையே என்று நினைத்தேன். கொண்டுபோய் விட்டேன். ஆறு வருஷம் தனியாக இருந்து போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு ஒரு நாளும் என் வீட்டில் வந்து தங்கவில்லை.

கோலாலம்பூரில் பத்தொன்பதாவது மாடி சோபாவில் உட்கார்ந்து "டிக்கெட்டை மாற்ற முடியுமா" என்று நான் கேட்டேனே, அது அம்மா கேட்ட அதே கேள்விதான். இருபத்தோரு வருஷம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. பட்டணம் அவளை விரட்டவில்லை. அவளே தேடிக் கண்டுபிடித்த இரண்டு வேலையையும், பேச்சுத் துணையையும் நான்தான் பிடுங்கினேன். என் மகளாவது பால் வாங்கும் வேலையை எனக்கு விட்டுக் கொடுத்தாள்.

சரி, இனி உபயோகமான விஷயத்துக்கு வருகிறேன். செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். வெளிநாடு போகிறவர்களுக்கு என் குமாஸ்தா மூளைக்கு எட்டிய ஆறு விஷயம்.

ஒன்று, பிள்ளையின் முழு முகவரி, கதவு எண், இரண்டு போன் எண்கள், நீங்கள் சாப்பிடும் மாத்திரைகள், இவ்வளவையும் ஒரு காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். ஒரு எண்ணையாவது மனப்பாடம் செய்யுங்கள்.

இரண்டு, இருக்கப்போகும் நாளுக்கும் மேலே பத்து நாளுக்கு மாத்திரை, டாக்டர் சீட்டோடு கைப்பையில் இருக்கட்டும். பெரிய பெட்டி ஒருவேளை தாமதமாக வரலாம்.

மூன்று, பயணக் காப்பீடு எடுக்கும்போது சர்க்கரை, ரத்த அழுத்தம் எதையும் மறைக்காதீர்கள். மறைத்தால் கேட்கும் நேரத்தில் பணம் வராது. பொடி எழுத்தைப் படியுங்கள். படிக்க முடியாவிட்டால் கொண்டு வாருங்கள், நான் படித்துச் சொல்கிறேன்.

நான்கு, கடலை மிட்டாய் தாராளமாகக் கொண்டு போங்கள், கோவில்பட்டிக்காரர் என்று சொல்ல அதைவிட நல்ல அடையாள அட்டை கிடையாது. ஆனால் கசகசா வேண்டாம். சிங்கப்பூர், துபாய் பக்கம் அது போதைப்பொருள் கணக்கில் வருகிறது. மசாலாப் பொடியில் கலந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஐந்து, நவம்பரில் போகிற ஓய்வூதியக்காரர்கள் உயிர்வாழ் சான்று பற்றி வங்கியில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மலேசியா போகிறவர்கள் போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டையைப் பூர்த்தி செய்ய வேண்டும். அங்கே பிளக் மூன்று பட்டைக் கம்பி உள்ளது, நம் சார்ஜர் நுழையாது, மாற்றி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆறு, போய் இறங்கிய மூன்றாம் நாளுக்குள் அந்த வீட்டில் ஒரு வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பால் வாங்குவது, பேரனைப் பஸ் ஏற்றிவிடுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, எதுவானாலும் சரி. வீட்டை விட்டு இறங்கி நாலு பேர் முகத்தைப் பார்க்கிற வேலையாக இருந்தால் ரொம்ப நல்லது. தெரியாததைக் கேளுங்கள். வெட்கத்துக்கு வட்டி அதிகம்.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். வெளிநாடு போகிறவர்களை மட்டும் நினைத்தால் போதாது. எட்டயபுரம், கழுகுமலை, இடைசெவல் பக்கத்திலிருந்து பிள்ளைகளோடு இருக்க நம் குடியிருப்புக்கு வருகிற அம்மாக்கள், அப்பாக்கள் இருக்கிறார்கள். பத்து மைல் தூரம்தான். ஆனால் லிப்டில் ஏறத் தெரியாதவருக்கு, யார் பெயரும் தெரியாதவருக்கு இதுவும் வெளிநாடுதான். போன மாதம் பி பிளாக்கில் ஒரு பெரியவர் மூன்றாம் மாடிப் படியில் உட்கார்ந்திருந்தார். எல்லாரும் தாண்டிப் போனோம். முதல் நாள் நானும் தாண்டித்தான் போனேன்.

அதனால், புதிதாக வருகிற பெரியவர்களின் பெயரையும் ஊரையும் காவலாளி நோட்டில் எழுதி வைப்போம். ஒவ்வொரு பிளாக்கிலும் ஒருவர் முதல் வாரத்திலேயே அவர்களைக் கோயிலுக்கும் கடைக்கும் ஒரு தடவை கூட்டிப் போவோம். பின்பக்கம் சும்மா கிடக்கும் இடத்தில் கீரைப் பாத்தி போடலாம் என்று இரண்டு வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். அதை அவர்கள் கையில் கொடுப்போம். காலையில் யாராவது கோலம் போட்டால், கீரை உருவினால், புகார் எழுதாமல் "எந்த ஊரு பாட்டி" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பி பிளாக்குக்கு நான் பொறுப்பு எடுத்துக்கொள்கிறேன். அந்தப் படிக்கட்டுப் பெரியவர் இப்போது காலையில் என்னோடு பால் வாங்க வருகிறார். மற்ற பிளாக்குகளுக்குப் பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் சுண்டல் சாப்பிட்டுவிட்டு என்னிடம் சொல்லுங்கள், நோட்டும் பேனாவும் கொண்டு வந்திருக்கிறேன்.